நினைவு அட்டையில் அப்பாவின் வேலையை எப்படிக் குறிப்பிடுவது? (கோலார் தங்கவயல்)

மாரிக்குப்பம் மைந்தன்:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் சென்ற மாதம் தமது 83ஆம் வயதில் மாரிக்குப்பத்தில் காலமானார். அவர் பிறந்த, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டுக்கும் உயிர் பிரிந்த வீட்டுக்கும் இடையே நான்கு கதவுகள்தாம். முப்பதாம் நாள் நினைவேந்தலுக்கு அட்டை அச்சிடக் கொடுக்கப் போனபோது, பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று அச்சகத்து இளைஞர் கேட்டார். "ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளி" என்றேன். "இந்த ஊரில் எல்லாருக்கும் அதைத்தானே சார் போடுகிறோம், அவர் மைன்ஸில் என்ன வேலை பார்த்தார்?" என்று அவர் திருப்பிக் கேட்டதற்கு என்னால் விடை சொல்ல இயலவில்லை. நாற்பது ஆண்டுகள் ஒரே இடத்தில் வேலை பார்த்தவருடைய மகன், ஐம்பதைக் கடந்தவன், அந்த நாற்காலியில் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன்.

எனக்குத் தெரிந்தவற்றை எழுதுகிறேன். தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்தவர். அப்பா 1942இல் பிறந்து, 1961இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது சுரங்கங்கள் மைசூர் அரசின் கையில் இருந்தன. மறு ஆண்டு அவை மத்திய அரசுக்குப் போயின, 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆயின, 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. இந்த மாற்றங்களை எல்லாம் அப்பா ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்: "பலகைதான் மாறிச்சு, கேஜ் அதேதான்." கேஜ் என்பது ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கூண்டு.

நான் ஆறாம் வகுப்பிலிருந்து வேலூரில் விடுதியில் தங்கிப் படித்தவன். விடுமுறைக்கு வரும்போது, எவ்வளவு ஆழத்தில் வேலை என்று கேட்டால், "உங்க அம்மா ஊர்க் கிணறு மாதிரி ரெண்டு பங்கு" என்பார். அதற்கு மேல் சொன்னதில்லை. அவரிடம் இருந்த ஒரு வழக்கத்தை மட்டும் குறிப்பிட வேண்டும். புதிதாக எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் உட்காரும் முன் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்ப்பார். பெங்களூரில் நான் வாங்கிய அடுக்ககத்திலும் தட்டினார். படுக்கையறைச் சுவர் ஒன்றை இரண்டாம் முறை தட்டிவிட்டு, பேரனின் தொட்டிலை எடுத்து எதிர்ப் பக்கம் போட்டார். காரணம் கேட்டதற்கு, "அங்கே காத்து நல்லா வரும்" என்றார். வீட்டில் ஒவ்வொரு கதவுக்கும் கைப்பிடி அளவில் அவரே செதுக்கிய மர ஆப்பு ஒன்று இருக்கும். ஆப்பு என்ற சொல்லை இக்காலத்தில் வேறு பொருளில் சொல்லிச் சிரிக்கும்போது அவர் மட்டும் சிரிக்கமாட்டார்.

இதை வைத்துக்கொண்டு அவர் பார்த்த வேலை இன்னதென்று சொல்லக்கூடியவர்கள் இங்கே இருந்தால் அருள்கூர்ந்து எழுதுங்கள். அட்டை அதற்காகக் காத்திருக்கிறது.

பழைய ஆன்செட்டர்:

தம்பி, உங்கள் பதிவை என் மகன் படித்துக் காட்டினான். நான் சொல்லச் சொல்ல அவனே இதைத் தட்டச்சு செய்கிறான். சுவரைத் தட்டினார் என்ற இடத்திலேயே ஆள் யாரென்று புரிந்துவிட்டது. உங்கள் தந்தை டிம்பர்மேன். கடைசிப் பதினைந்து ஆண்டுகள் டிம்பர் கேங்குக்குத் தலைவராக இருந்தார். நான் ஆன்செட்டர், அதாவது கீழே கேஜ் வந்து நிற்கும் இடத்தில் ஆட்களை ஏற்றி இறக்கி, மேலே இருப்பவர்களுக்கு மணியடித்துச் செய்தி சொல்லும் ஆள். அவரை நான் கீழே அனுப்பியதும் திரும்ப மேலே ஏற்றியதும் எத்தனை ஆயிரம் முறை என்று கணக்கில்லை.

டிம்பர்மேனுடைய வேலை என்னவென்று உங்கள் அச்சகத்து இளைஞருக்கும் புரியும்படி சொல்கிறேன். வெடி வைத்துப் பாறையை உடைத்து எடுத்த பிறகு அந்த இடம் வெறும் பள்ளமாக நிற்கும். மேலே இருப்பதோ இரண்டரை, மூன்று கிலோமீட்டர் கனமுள்ள பாறை. அடுத்த ஷிப்ட் ஆட்கள் உள்ளே போவதற்கு முன்பு யாராவது ஒருவர் முதலில் போய், கடப்பாரையால் மேற்பாறையைத் தட்டிக் காதால் கேட்க வேண்டும். கணீர் என்றால் கெட்டிப் பாறை. தொம் என்றால் உள்ளே பிளந்திருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் பலகை பலகையாக உரிந்து விழும் என்று பொருள். அப்படி உரிந்து நிற்பதை நெம்பித் தள்ளிவிட்டு, மரம் நிறுத்தி, தலைப்பலகை வைத்து, இடைவெளியில் ஆப்பு அடித்து இறுக்க வேண்டும். கருங்கல்லைச் செதுக்கி அடுக்கிச் சுவராக எழுப்பும் வேலையும் எங்கள் சுரங்கத்தில் உண்டு. எல்லாருக்கும் முன்னால் நுழைகிறவரும் டிம்பர்மேன், ஆப்பு சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைசியில் வெளியே வருகிறவரும் அவர்தான்.

உங்கள் தந்தை மரத்தைத்தான் அதிகம் நம்புவார். பாரம் கூடினால் மரம் முனகும், நார் நாராகக் கிழியும், ஓடிப்போக நேரம் கொடுக்கும். "மரம் பேசும்டா, கல்லு பேசாது" என்று புதிதாக வருகிற பையன்களுக்குச் சொல்வார். அந்த முனகலைக் கேட்டுத் தமது கேங்கை வெளியே இழுத்து வந்ததை மூன்று முறை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒரு முறை பின்னால் ஒன்றுமே விழவில்லை. அரை ஷிப்ட் வீண் என்று மேஸ்திரி கத்தினார். இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றாரே தவிர ஒரு சொல் பேசவில்லை.

ஆழத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எண்பதாவது லெவலுக்கும், அதாவது சுரங்கத்தின் எண்பதாவது அடுக்குக்கும், கீழே. லெவலுக்கு லெவல் ஏறத்தாழ நூறு அடி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அம்மா ஊரில் அவ்வளவு பெரிய கிணறு இருந்திருக்காது.

துகள் ஆய்வு மாணவன்:

ஐயா சொல்லும் ஆழத்தைப் பற்றி வேறொரு பக்கத்திலிருந்து ஒரு செய்தி. நான் இயற்பியலில் ஆய்வு செய்பவன், தங்கவயலுக்கு உறவில்லாதவன், ஆனால் அந்த ஊரின் பெயர் எங்கள் பாடநூல்களில் வரும். வானிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் பூமியின் பரப்பில் இடைவிடாது பொழிந்துகொண்டிருப்பதால், அந்த இரைச்சலுக்கு நடுவே நியூட்ரினோ போன்ற, எதன்மீதும் எளிதில் மோதாத துகளின் தடயத்தைத் தனியே பிரித்தறிய இயலாது. பாறையையே வடிகட்டியாகப் பயன்படுத்த வேண்டும். அதற்காக பம்பாயிலிருந்த டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தினர், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தினரோடும் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தினரோடும் சேர்ந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், அதாவது சுமார் 7,500 அடியில், கருவிகளை அமைத்தார்கள். வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களின் தடயம் 1965இல் அங்கே பதிவாயிற்று. ஏறத்தாழ அதே சமயத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் மற்றொரு குழு அதைக் கண்டது. பிறகு 1980களில், புரோட்டான் தானாகச் சிதைகிறதா என்று பார்ப்பதற்காக 140 டன் எடையுள்ள இரும்புக் கருவி ஒன்று அதே சுரங்கத்தின் ஆழத்தில் எழுப்பப்பட்டது.

கட்டுரைகளில் ஆய்வாளர்களின் பெயர்கள் இருக்கின்றன. 140 டன் இரும்பு அங்கே எப்படி இறங்கியது என்று நான் இதுவரை யோசித்ததே இல்லை, இந்த இழையைப் படிக்கும்வரை. ஐயா அந்நாளில் அங்கே பணியில் இருந்தாரா?

பழைய ஆன்செட்டர்:

இருந்தேன். கேஜில் ஏறும் அளவுக்குத் துண்டு துண்டாகத்தான் இறங்கியது. நீளக் குழாய்களையும் இரும்புத் தகடுகளையும் இறக்கி, தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போய் அடுக்கினோம். அந்த அறையின் மேற்பாறையைத் தட்டிப் பார்த்தவர்களில் இந்தத் தம்பியின் தந்தையும் ஒருவர். ஆய்வுக்காரர்கள் மிகவும் மரியாதையாகப் பேசுவார்கள். என்ன தேடுகிறார்கள் என்று நாங்கள் கேட்டபோது, வானத்திலிருந்து வருவதை என்று ஒருவர் சொன்னார். உங்கள் தந்தை எங்களிடம் திரும்பி, "மழையப் பாக்கணும்னா எல்லாரும் வாசலுக்குப் போவாங்க, இவங்க பாதாளத்துக்கு வந்திருக்காங்க" என்றார். ஷிப்ட் முடியும்வரை சிரித்துக்கொண்டிருந்தோம். மற்றபடி கீழே சிரிப்புக்கு இடம் குறைவு. அந்த ஆழத்தில் பாறையே சுடும். குளிர்ந்த காற்றை இயந்திரத்தால் அனுப்பினாலும் உடுத்தியிருப்பதைப் பிழிந்து பிழிந்துதான் வேலை செய்ய வேண்டும்.

ஆண்டர்சன்பேட்டை ஆசிரியை:

இழையைத் தொடங்கியவருக்கு என் ஆழ்ந்த இரங்கல். நானும் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள், முப்பது ஆண்டுகள் இதே ஊரில் பள்ளியில் கற்பித்தவள் என்ற உரிமையில், இங்கே எழுந்துவரும் சித்திரத்தைச் சற்று மறுத்துப் பேச விரும்புகிறேன்.

எங்கள் அப்பாக்கள் வீட்டில் வாய் திறக்காததை நாம் பெருந்தன்மையாகவே எடுத்துச் சொல்லிப் பழகிவிட்டோம். அந்த மௌனத்துக்கு விலை கொடுத்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். சுரங்கத்துப் பாறைத் தூளில் சிலிக்கா உண்டு, அது நுரையீரலில் படிந்து ஆண்டுக்கணக்கில் தழும்பாகி மூச்சைச் சுருக்கும். சிலிகோசிஸ் 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட தொழில்நோய். ஆனால் அது காசநோயைப் போலவே இருமும், காசநோயையும் கூடவே அழைத்து வரும். இரண்டையும் பிரித்தறிய மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, என்ன வேலை பார்த்தார், எத்தனை ஆண்டுகள், எந்த இடத்தில் என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடை தெரியாத பிள்ளைகளை நான் மருத்துவமனை வரிசைகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். என் தம்பியும் அவர்களில் ஒருவன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடும்பத்தைக் காத்தவர் என்று தந்தையருக்கு எழுதுகிறோம். குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் குடத்தோடு நின்று, தட்டிச் சுவர் வைத்த ஒற்றை அறையில் பகல் ஷிப்ட் முடித்தவரையும் இரவு ஷிப்ட் முடித்தவரையும் மாறி மாறித் தூங்க வைத்து, பிள்ளைகளின் சத்தத்தை அடக்கிய பெண்களுக்கு நினைவு அட்டையில் என்ன எழுதுகிறோம்? "மனைவி" என்ற ஒரு சொல். இதைக் கோபமாகச் சொல்லவில்லை. அட்டை இன்னும் அச்சாகவில்லை என்பதால் சொல்கிறேன்.

மாரிக்குப்பம் மைந்தன்:

அம்மா, நீங்கள் சொன்னது என்னைத்தான் சுட்டுகிறது, மறுக்கமாட்டேன். ஏழு ஆண்டுகளுக்கு முன்பு அப்பாவுக்கு இருமல் கூடியபோது பெங்களூரில் ஒரு மருத்துவமனைக்கு நான்தான் அழைத்துப் போனேன். என்ன வேலை பார்த்தார் என்று மருத்துவர் கேட்டார். "கம்பெனியில் வேலை" என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது யோசித்தால், சுரங்கம் என்று சொல்ல எனக்கு உள்ளூரக் கூச்சம் இருந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா என்னைத் திருத்தவில்லை. எட்டு மாதம் வேறு நோய்க்கு மருந்து சாப்பிட்டார். பிறகு ஊருக்கே திரும்பி, இங்குள்ள வயதான மருத்துவர் ஒருவரிடம் போனார். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த உடனேயே, "எந்த லெவல்?" என்றுதான் கேட்டாராம். என்ன பதில் சொன்னீர்கள் என்று நான் அப்பாவைக் கேட்கவில்லை.

அட்டையில் டிம்பர்மேன் என்று போடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். 7,500 அடி ஆழம் என்பதையும் சேர்க்க விரும்புகிறேன். ஆனால் அம்மாவுக்கு அது தெரியாது. கிணற்றுக் கதையைத்தான் அம்மாவும் அறுபது ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருக்கிறார். இப்போது சொல்வது சரியா?

அதிகாலை வண்டி:

முதல்முறையாக எழுதுகிறேன். 2001க்குப் பிறகு எங்கள் ஊர் ரயிலில் பிழைக்கிற ஊராக ஆகிவிட்டது என்பது இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ஏறி, பங்காருப்பேட்டை வழியாக பெங்களூருக்குப் போய் வேலை பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு வந்து இறங்குவோம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, தையல் ஆலையில் வேலை. எங்கள் லைனிலிருந்து ஏழு பெண்கள் போய்வந்தோம். தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மலைப் பக்கமாக நடக்கிற பாதையில் விளக்குக் கிடையாது.

இவருடைய அப்பாதான் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு எங்களை நிலையம்வரை கொண்டுவந்து விடுவார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு அந்த வண்டியில் போகிற பெண் பிள்ளையும் கிடையாது. மாலையில் வண்டி வரும் நேரத்துக்கு நடைமேடையில் வந்து நிற்பார். எங்களிடம் பேசமாட்டார், வாய்க்குள்ளேயே எண்ணுவார். ஒரு நாள் ஆறு பேர்தான் இறங்கினோம். ஒருத்தி பெங்களூரில் அத்தை வீட்டில் தங்கிவிட்டாள். அதை நாங்கள் சொல்லி முடிக்கும்வரை அவர் நடைமேடையை விட்டு நகரவில்லை. சொன்ன பிறகும், "நாளைக்கு இருந்து முன்னாடியே சொல்லணும்மா, எண்ணிக்கை தப்பக்கூடாது" என்றார். அப்போது எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

பழைய ஆன்செட்டர்:

இந்தப் பெண் எழுதியதை மகனை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். கீழே இறங்கும்போது ஒவ்வொருவரும் பலகை ஆணியிலிருந்து தம் அடையாளப் பில்லையை எடுக்க வேண்டும், மேலே வந்ததும் திருப்பித் தர வேண்டும். பலகையில் ஓர் ஆணி காலியாக இருந்தால் ஒருவர் இன்னும் கீழே இருக்கிறார். அந்த எண்ணிக்கை சரியாகும்வரை கேங்கின் தலைவர் வீட்டுக்குப் போகமாட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சுரங்கத்தை மூடி, பம்புகளை நிறுத்தி, பள்ளங்களில் தண்ணீர் ஏறிய பிறகும் பூமிக்குள் பாறை வெடிப்பது நிற்கவில்லை. ஆட்களே இல்லாத சுரங்கம் இரவில் அதிரும், ஜன்னல் கிடுகிடுக்கும். மறுநாள் காலை டீக்கடையில் உங்கள் தந்தையும் நானும் உட்கார்ந்து, நேற்று வந்தது எந்தப் பக்கம், எந்த லெவல் என்று வாதாடுவோம். "யாரும் இல்ல, விடு" என்று முடிப்பார். அதைச் சொல்லாமல் ஒருநாளும் எழுந்ததில்லை.

மூத்த மகள், திருப்பத்தூர்:

தம்பி, இந்த இழையை உன் மகள்தான் எனக்கு அனுப்பினாள். நீ விடுதிக்குப் போனவன், நான் லைனில் வளர்ந்தவள். அதனால் உனக்குத் தெரியாத சிலவற்றை எழுத வேண்டியிருக்கிறது.

அம்மாவுக்குத் தெரியாது என்று நீ எழுதியிருப்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன், பிறகு அழுதேன். எனக்கு எட்டு வயது, உனக்கு இரண்டு. அப்பா இரவு ஷிப்ட்டில் இருந்தார். நடுஇரவுக்கு மேல் பர்ஸ்ட், அதாவது பூமிக்குள் பாறை வெடிப்பு, வந்தது. அடுக்கில் இருந்த சொம்பெல்லாம் உருண்டு விழுந்து, மண்ணெண்ணெய் விளக்கு அணைந்துவிட்டது. அம்மா உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். அப்பா சொன்னபடி கிணற்றாழத்து வேலை என்றால் அருகிலேயே இருக்கும் சின்ன ஷாப்ட்டுக்கு, அதாவது ஆள் இறங்கும் சுரங்கக் குழிக்குத்தான், போயிருக்க வேண்டும். அம்மா அதைக் கடந்து, இருட்டில், ஆழத்துக்கு ஆள் இறக்குகிற பெரிய ஷாப்ட்டின் வாசலுக்குப் போய் நின்றார். வழியில் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. லைன் முழுவதும் அங்கே நின்றது. அத்தனை பெண்கள் நின்ற இடத்தில் அத்தனை அமைதியை நான் பிறகு எங்கும் கண்டதில்லை.

விடிந்த பிறகு அப்பா மேலே வந்தார். எங்களைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை சாம்பல் பூசினாற்போல இருந்தார். அவர் கேட்டது, "பால்காரன் வந்திருப்பானே, பாத்திரம் யார் வெச்சது?" என்பதுதான். வீட்டுக்கு நடக்கும் வழியில், தாம் மேலேதான் இருந்ததாகவும், சத்தம் எங்கோ கீழே கேட்டதாகவும் சொன்னார். அம்மா, "ஆமாம், எனக்கும் அப்படித்தான் தோணிச்சு" என்றார். இரண்டு பேரும் எனக்காகத்தான் பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் விளங்கியது.

ஆய்வைப் பற்றி எழுதிய தம்பிக்கு ஒரு செய்தி. 1965இல் அப்பாவுக்கு இருபத்து மூன்று வயது, எடுபிடியாகக் கருவிகளைத் தள்ளும் கூட்டத்தில் இருந்திருக்கிறார். ஜப்பான்காரர் ஒருவர் அவருக்குப் பென்சில் ஒன்று கொடுத்தாராம். நான் பள்ளிக்குப் போகத் தொடங்கியபோது அது விரல் கணு அளவுக்குத் தேய்ந்திருந்தது. மரத்தில் அளவு குறிக்க அதைத்தான் பயன்படுத்தினார். அதைப் பற்றியும் விளக்கம் கேட்டேன். "வெளியூர்க்காரர் குடுத்தது" என்றார், அவ்வளவுதான்.

ஆசிரியை அம்மா சொல்வது சரி. சொல்லாமல் விட்டதால் மருந்து தவறியது உண்மை. ஆனால் அப்பா எதையும் சொல்லவில்லை என்பது சரியில்லை. மாரிக்குப்பத்துப் பௌத்த சங்கத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தருவார். அயோத்திதாசப் பண்டிதர் காலத்திலிருந்து அந்தச் சங்கம் எங்கள் மக்களிடையே இருந்தது. 1954இல் அம்பேத்கர் தங்கவயலுக்கு வந்தபோது பன்னிரண்டு வயதுப் பையனாகக் கூட்டத்தில் தாத்தாவின் தோள்மீது உட்கார்ந்து பார்த்ததை மட்டும் ஆயிரம் முறை சொல்லியிருப்பார். பன்னிரண்டு வயதில் தோளில் ஏறினீர்களா என்று நான் கேலி செய்தால், "அன்னிக்கு எல்லாருமே ஏறினாங்க" என்பார். தாம் கீழே இறங்கிய ஆழத்தைச் சொல்லாதவர், எங்களை மேலே ஏற்றிவிடப் பேசியதற்குக் குறைவில்லை. உன்னை வேலூருக்கு அனுப்பியதும் அதற்காகத்தான். நீ லைனில் இருந்திருந்தால் பதினெட்டு வயதில் கேஜில் ஏறியிருப்பாய்.

ஆண்டர்சன்பேட்டை ஆசிரியை:

சகோதரி எழுதியதற்குப் பிறகு நான் ஒன்றை மட்டும் திருத்திக்கொள்கிறேன். மௌனம் என்று எழுதியது பொருந்தாது, அங்கே இருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மருத்துவரிடம் சொல்ல வேண்டியதைப் பற்றி எழுதியதை மாற்றிக்கொள்ளவில்லை. இதைப் படிக்கும் பிள்ளைகள், அப்பா உயிரோடு இருந்தால், இன்றைக்கே அவருடைய வேலைப் பெயர், இடம், ஆண்டுகள் ஆகியவற்றைக் கேட்டு ஒரு தாளில் எழுதி மருத்துவச் சீட்டுகளோடு வையுங்கள்.

மாரிக்குப்பம் மைந்தன்:

அனைவருக்கும் நன்றி. அக்கா எழுதியதைப் படித்த மறுநாள் ஊருக்குப் போய், அட்டையின் வாசகத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பெயருக்குக் கீழே, "டிம்பர்மேன், சாம்பியன் ரீஃப் சுரங்கம், 1961–2001" என்றும், அடுத்த வரியில் "7,500 அடி ஆழத்தில் நாற்பது ஆண்டுகள் பணியாற்றியவர்" என்றும், அதற்கும் அடுத்த வரியில் அம்மாவின் பெயரையும், அதே நாற்பது ஆண்டுகள் ஷாப்ட் வாசலில் காத்திருந்தவர் என்றும் எழுதியிருந்தேன்.

அம்மா முழுவதையும் கேட்டார். தம்மைப் பற்றிய வரியில், வாசலில் தாம் நின்றது மூன்று முறைதான், நாற்பது ஆண்டுகள் என்று போட்டால் ஊரார் சிரிப்பார்கள் என்று அதை அடிக்கச் சொன்னார். ஆசிரியை அம்மா மன்னிக்க வேண்டும், எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பெயரை மட்டும், அப்பாவின் பெயருக்கு இணையான எழுத்தளவில், விட்டுவைக்கச் சம்மதித்தார். டிம்பர்மேன் என்ற சொல்லைத் திரும்ப ஒரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

அடிக்கணக்கு வந்த வரியைப் பற்றி நான்தான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அப்போது என் அக்காவின் பேரன், ஏழு வயது, திண்ணையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி ஏதோ படித்துக்கொண்டிருந்தான். அம்மா அவன் பக்கம் தலையை அசைத்துக் காட்டி, குரலைத் தாழ்த்தி, "அந்த வரி வேண்டாம்பா, புள்ள படிக்கிறான், பயந்துடுவான்" என்றார்.

அந்த வரியை எடுத்துவிட்டேன். அட்டை நேற்று அச்சுக்குப் போயிற்று. ஆன்செட்டர் ஐயா நினைவேந்தலுக்கு வருவதாக மகன் வழியாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்.